அவருக்குச் சேர வேண்டிய கோபம்

எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. மழுப்பிச் சொல்லிப் பயனில்லை. ஊரில் பெரிய காணி வைத்திருப்பவர் மேலோ, பிள்ளைகளை டொக்டர் ஆக்கியவர் மேலோ வந்திருந்தால் வீட்டிலாவது விளங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வந்ததோ ஆபிரிக்காவில் டோகோ நாட்டில் பிறந்து, ஜெர்மனியில் எங்கள் ஹம் நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் சின்ன வீடொன்றில் தனியே இருக்கும், ஒருவரும் வாசிக்காத ஒரு கவிஞர் மேல்.

“அந்தாளின்ர புத்தகம் விலைப்படேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு அந்தாளிலை உங்களுக்கு என்ன எரிச்சல்?” என்று மனைவி கேட்டாள். கேட்டபடியே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என் கவிதை விஷயங்களை அவள் எப்போதும் ஏதாவது வெட்டிக்கொண்டேதான் பேசுவாள்.

நானும் கவிதை எழுதுகிறவன்தான். பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு எழுதுவேன். நான்கு தொகுப்புகள் வந்திருக்கின்றன. நான்குக்கும் வெளியீட்டு விழா நடந்தது. எங்கள் ஆட்களின் நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு ஏற்றுவது, இறந்தவர்களுக்கு அகவணக்கம், ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, முதல் பிரதி வாங்குபவர், சிறப்புப் பிரதி வாங்குபவர்கள், கடைசியில் எல்லாருக்கும் பசி வந்த பிறகு என் ஏற்புரை. மூன்றாவது தொகுப்புக்கு ஆய்வுரை செய்தவர் முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு வந்திருந்தார். அந்த முன்னுரையை எழுதியவரும் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார், தான் எழுதியதைக் கேட்டுத் தானே தலையாட்டினார். வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். அடுத்த மாதம் அவர்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு நான் போகவேண்டும் என்பது அதற்குள் அடக்கம். புத்தகம் அவர்கள் வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் போய்ச் சேரும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

பொன்னாடைகள் மட்டும் பெருகின. மனைவி ஒன்றைத் தையல் மெஷினுக்குப் போர்த்தியிருக்கிறாள். இன்னொன்று சோறு அவிக்கும் மெஷினுக்கு. மற்றவை கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒருவராவது என்னிடம் வந்து, அந்தப் பக்கத்தில் நீ எழுதிய வரி எனக்குச் சுட்டது என்று சொன்னதில்லை. நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். வடையையும் அதே வாயால்தான் நன்றாக இருந்தது என்பார்கள்.

அவரை நான் முதலில் கண்டது நகரசபையின் பண்பாட்டு வாரத்தில். குடியேறியவர்களின் குரல் என்று ஒரு மாலை. நூலகத்தின் பக்க அறையில் கொஞ்சக் கதிரைகள், மேசையில் மனைவி சுட்டுத் தந்த கடலை வடை. வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம். நான் என் கவிதையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வாசித்தேன். என் கவிதைகள் எல்லாவற்றையும் போல அதுவும் விடியலில்தான் முடியும். இருள் எவ்வளவு நீண்டாலும் கிழக்கு வெளுக்கும் என்ற மாதிரி. எங்கள் மண்டபங்களில் அந்த இடத்தில்தான் கைதட்டு வரும், அதற்குப் பழகிப்போன கை அதையே எழுதும்.

பிறகு அவர் எழுந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். மாலை வகுப்புகளில் பிரெஞ்சு படிப்பிக்கிறார். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று வாசித்தார். ஒரு குழந்தைக்கும், பிறப்புச் சான்றிதழ் எழுதத் தெரியாத அதிகாரிக்கும் நடுவில் நடக்கிற கவிதை. அதில் அதிகாரியும் ஏழை, தாயும் ஏழை, குழந்தை இருவரையும் பார்த்து அழாமல் இருக்கிறது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்று தெரியாமல் எல்லாரும் காத்திருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு ஜெர்மன் பெண்மணி கேட்டார்: “இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு நம்பிக்கை என்று ஏதாவது இருக்கிறதா?”

“இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது” என்றார் அவர்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. அதே கேள்வியை என்னிடமும் கேட்டார், நான் வழக்கம்போல விடியலைச் சொன்னேன். அவர் நிம்மதியாக எழுந்து போய் வடை எடுத்தார். ஆனால் வடையைக் கடிக்கும்போதும் அவர் கண் அந்த மனிதர் பக்கமே போனது. என் வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான். என் பதில் அந்த அம்மாவை விட்டுவிட்டது, கவிஞருடைய பதில் அவரோடு வீட்டுக்குப் போகப்போகிறது.

போகும்போது கவிஞர் தன் புத்தகம் ஒன்றை எனக்குத் தந்தார். மெல்லிய ஜெர்மன் மொழிபெயர்ப்பு. போட்ட பதிப்பகம் மூடிப் பல காலம். மிச்சப் பிரதிகள் அவர் வீட்டுக் குளியலறை அலுமாரியில் இருப்பதாகச் சொன்னார், துவாய்களுக்குக் கீழே.

நான் அதைக் குறை கண்டுபிடிக்கத்தான் வாசித்தேன். வேலை முடிந்து வந்து, சோறு ஆறும்வரை வாசித்தேன். குறை கிடைக்கவில்லை. அந்த மனிதர் தன் நாட்டு ஆட்சியைத் திட்டுகிறார், அது பரவாயில்லை, அதை யாரும் செய்வார்கள். அவர் தன் மாமாவைத் திட்டுகிறார். தன் தேவாலயத்தை, தன் ஊர் ஆட்களை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் போய்ச் சங்கிலி மின்ன நடக்கும் தன்னையே திட்டுகிறார். ஒரு கவிதையும் விடியலில் முடியவில்லை.

அதில் ஒன்று மணியைப் பற்றியது. ஊரில் தேவாலயத்துக்கு ஒரு மணிக்கோபுரம் எழும்புகிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் உதவியில், வருஷத்துக்கு ஓராள் உயரமாக. மணி ஜெர்மனியிலிருந்து கப்பலில் வருகிறது. பக்கத்தில் பிரசவ விடுதி, கூரையில் ஓட்டை. மழைக்குள் ஒருத்தி வலியோடு படுத்திருக்கிறாள். தாதியிடம் இருப்பது ஒரே ஒரு வாளி. அதை ஒழுக்குக்கு வைப்பதா, அந்தப் பெண்ணுக்கு வைப்பதா என்று தாதி யோசிக்கிறாள். விடிகிறபோது பெண் இல்லை. புத்தகம் முழுவதிலும் விடிகிற ஒரே இடம் அதுதான். புது மணியை முதன்முதலாக அவளுக்காக அடிக்கிறார்கள். மணி நன்றாக ஒலித்தது என்று கவிதை முடிகிறது.

நானாயிருந்தால் பிள்ளையையாவது காப்பாற்றியிருப்பேன். அவர் பிள்ளையைப் பற்றிப் பேசவேயில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஆறின சோற்றைக் கோபத்தோடு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ரயில் நிலையக் கோப்பிக் கடையில் அவரைச் சந்தித்து, மணிக் கவிதையைத் தமிழில் செய்யட்டுமா என்று கேட்டேன். பொறாமைப்பட்டவனுக்கு ஏன் அந்த வேலை என்று கேட்பீர்கள். அந்த வரிகள் ஒருமுறையாவது என் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

“செய். உங்கள் ஆட்கள் வாசிப்பார்களா?” என்றார். முதல் நாளிலிருந்தே என்னை அவர் ‘நீ’ என்றுதான் பேசுவார்.

“உங்கள் ஆட்கள் வாசித்தார்களா?”

“எங்கள் சங்கத்தில் இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை” என்று சிரித்தார்.

அது எனக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். இவர் எழுதியதை இவருடைய ஆட்கள் வாசித்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சுட்டிருக்கிறது, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மன்காரன் கவனிக்காவிட்டால் என்ன? சொந்தச் சனம் கதவைச் சாத்துவதைவிட ஒரு கவிஞனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்? எனக்கு எங்கள் சங்கம் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் அழைப்பு அனுப்புகிறது.

அந்த வருஷமும் அனுப்பியது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல், ஹம்மிலேயே ஒரு மண்டபத்தில். சிறுவர் நடனத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் என் கவிதை. சங்கத் தலைவர் பக்கத்து நகரமான டோர்ட்முண்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், உழைப்பாளி. ஊர்க் கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்ட முன்னின்றவரும் அவரே. மணியை ஜெர்மனியில் வார்ப்பித்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். இதெல்லாம் தெரியாமல் அந்தக் கவிதையை எடுத்துப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆனால் ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை. ஆபிரிக்கக் கவிஞர் ஒருவரின் கவிதை, மொழிபெயர்ப்பு மட்டும் என்னுடையது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வாசித்தேன். கடைசி வரி முடிந்தபோது சமையற்கட்டில் தட்டுகள் முட்டும் சத்தம் கேட்டது. கைதட்டு வரவில்லை. முன்வரிசையில் தலைவரின் கதிரை பின்னால் இழுபட்டது.

“ஆரைச் சொல்லுறியள்?” என்றார். குரல் உயரவில்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணை, இது மொழிபெயர்ப்பு. டோகோ நாட்டுக் கவிஞர் ஒராளின்ர.”

“உந்தக் கதையை வேறை ஆருக்கும் சொல்லுங்கோ. ஜெர்மனியிலையிருந்து கப்பலிலை மணி போனதாம். கோபுரமாம். எங்களை இருத்தி வைச்சு முகத்திலை அடிக்கிறியள். ஊர் ஆசுப்பத்திரிக்கு நாங்கள் கட்டில் குடுத்தனாங்கள், தெரியுமோ உங்களுக்கு?”

ஆசுப்பத்திரியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அவரே எடுத்துச் சொன்னார்.

அப்படி ஒரு டோகோக்காரர் இருப்பதை மண்டபத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊரில் போர் நடந்த காலத்தில் எங்களில் பலர் சொந்தப் பெயரில் எழுதவில்லை. எழுதினால் ஊரில் தாய் தகப்பனுக்கு ஆபத்து, இங்கே தெருவில் தனக்கு ஆபத்து. ஆண் ஒருவன் பெண் பெயரில் எழுதினான். இன்னொருவன் சொந்தக் கவிதைக்குக் கீழே ஏதோ ஒரு தூர தேசத்துப் பெயரைப் போட்டு, தமிழில் இன்னார் என்று அச்சடித்தான். அதைப் பார்த்துக் கண்ணடிக்கப் பழகிய சனம் இது. சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என் காதோடு வந்து, “ஆபிரிக்காக்காரன் எண்டு போட்டது நல்ல யோசினை, அண்ணை” என்றார். இன்னொருவர் இருபது வருஷமாக என்னை வாசிக்கிறாராம், நடை பார்த்தவுடனேயே என்னுடையது என்று பிடித்துவிட்டாராம். முதலாமவரிடம் மறுத்தேன். இரண்டாமவரிடம் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் நான் உள்ளுக்குள் மிதந்துகொண்டு வந்தேன். ஒரு மனிதன் என் முன்னால் கவிதைக்காகக் கதிரையைத் தள்ளி எழும்பிவிட்டான். பொன்னாடை இல்லாமல் நான் வீட்டுக்குப் போகும் முதல் ஒன்றுகூடல் அது. ஆனால் அடுத்த நாள் வேலையில் மாத் தட்டுகளை அடுக்கும்போது ஒன்று உறைத்தது. அவர்களுக்குச் சுட்டது என் வரி அல்ல. எனக்கென்று வந்த ஒரே கோபமும் இன்னொருவருடையது. பொறாமை இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

கோப்பிக் கடையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு கவிஞரே இல்லை, அது என் புனைபெயர் என்று நினைக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“எழுந்து நின்றாரா?”

“நின்றார்.”

“என்ன சொன்னார்? அப்படியே சொல்.”

சொன்னேன். கட்டில் கொடுத்த கதை வந்ததும் கையை மேசையில் தட்டினார்.

“என் ஆட்கள் ஒருவரும் எழுந்து நின்றதில்லை” என்றார்.

“உங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றீர்களே?”

“அது மண்டபச் சாவியை நான் தொலைத்ததற்காக. பூட்டு மாற்ற வேண்டியதாகிவிட்டது. கவிதையை அவர்களில் யாரும் வாசித்ததில்லை. வாசித்திருந்தால் சாவியை மன்னித்திருப்பார்கள், கவிதைக்காக அடித்திருப்பார்கள்.”

இத்தனை மாதம் நான் பொறாமைப்பட்டது ஒரு சாவிக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்த முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறதுதான். அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோபம் என்னுடையது. உன்னிடம் தவறி வந்துவிட்டது. என்னை அந்த மனிதரிடம் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

ஒரு சனிக்கிழமை டோர்ட்முண்டுக்குப் போனோம். அவர் சட்டை மடித்து, சப்பாத்து மினுக்கி, அரச அலுவலகத்தில் டெர்மினுக்குப் போகிறவர் போல வந்திருந்தார். புத்தகத்தையும் எடுத்து வந்திருந்தார், துவாய் வாசத்தோடு. தலைவர் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. நான் பக்கத்தில் நின்றவரைக் காட்டி, அந்தக் கவிதையை எழுதினவர் இவர்தான் அண்ணை என்றேன்.

தலைவர் அவரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அட்டையின் பின்புறப் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இறுக்கம் அவர் முகத்திலிருந்து கழன்று விழுவதை நான் நேரே கண்டேன்.

“ஓ, உண்மையாவே ஒராள் இருக்கிறாரோ? அப்ப இது அவையின்ர ஆக்களைப் பற்றித்தானே? நான் பிழையா விளங்கிப்போட்டன். குறை நினையாதேங்கோ” என்று என் தோளில் தட்டினார். பிறகு ஜெர்மனில் விருந்தாளியிடம், நல்ல கவிதை, எல்லா நாட்டிலும் இப்படித்தான், பாவம் அந்தப் பெண் என்றார்.

“அது உங்களைப் பற்றியதும்தான்” என்றார் கவிஞர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தவறில்லாத ஜெர்மனில் சொன்னார்.

“ஓம் ஓம்” என்று தமிழிலேயே சிரித்தார் தலைவர். தேத்தண்ணி வந்தது. மிக்சர் பைக்கற் ஒன்று வந்தது. கவிஞர் எதையும் தொடவில்லை, கதிரையில் நிமிர்ந்து இருந்து தலைவரின் கோபத்துக்காகக் காத்திருந்தார். நான் தலைவரை ஒரு பக்கம் இழுத்து, அண்டைக்கு உங்களுக்கு வந்த கோபம் எங்கே அண்ணை என்று கேட்டேவிட்டேன்.

“கடை வாசலுக்கு வந்த மனிசனோடை கோபிக்கலாமோ? நீங்கள் எங்கட ஆள், உங்களோடை கோபிக்கலாம்” என்றார்.

சொல்லிவிட்டு, சாம்பிராணிக்கும் பிளாஸ்டிக் மாலைகளுக்கும் பக்கத்துத் தட்டுக்குப் போனார். எங்கள் விழாக்களுக்கெல்லாம் பொன்னாடை அந்தத் தட்டிலிருந்துதான் போகும். பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்து, உறையைக் கிழித்து, கவிஞரை எழுப்பித் தோளில் போர்த்தினார். சாமான் வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். கல்லாவில் இருந்த பெண் போனில் படம் எடுத்தாள். நாங்கள் ரயில் ஏற முன்னமே அந்தப் படம் சங்கத்தின் குழுவில் வந்துவிட்டது. நான் அதில் பாதித் தோளோடு இருந்தேன்.

ரயிலில் அவர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். அதன் உறை கடையிலேயே போய்விட்டதால் பட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது.

“கோபப்பட்டார்கள் என்றாயே” என்றார்.

“பட்டார்கள்.”

“திரும்பச் சொல்.”

நான் வாசித்தேன், தட்டுகள் முட்டின, கதிரை இழுபட்டது என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கமென் நிலையம் தாண்டும்போது மறுபடியும் சொல்லச் சொன்னார். யோசித்துப் பார்த்துவிட்டு, இந்தமுறை வேறு மாதிரித் தொடங்கினேன்.

“நீ மேடையில் நின்றாய்” என்றேன். அவரை நான் ‘நீ’ என்றது அதுதான் முதல்தடவை. “குளிர்கோட்டைக் கழற்றாமல் வாசித்தாய். கடைசி வரி முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரைச் சொல்கிறாய் என்று உன்னைக் கேட்டார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் என்ன சொன்னேன்?”

“நீ அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். முகத்தில் அடிக்கிறாய் என்றார் அவர். பிறகு சோறு ஆறிப்போயிற்று. உனக்கு யாரும் எதுவும் போர்த்தவில்லை.”

மூடிய கண்ணோடு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. பொன்னாடை வழுக்கிக் கீழே விழுந்தது, இருவருமே எடுக்கவில்லை. ஹம் வரும்வரை நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.